200 டாலர் துப்பாக்கியை நம்பலாமா?

ஹூஸ்டன் பக்கம் ராத்திரி ஷிஃப்ட்ல கடை பாத்துக்குற ஒருத்தர் கேட்டிருக்கார். கிரீன் கார்டு வந்தாச்சு, வீட்ல 4 வயசுப் பையன் இருக்கான், அக்கம்பக்கத்துக் கடைகள்ல திருட்டு நடந்திருக்கு, க்ளாக் வாங்கணும்னா 550 டாலர் ஆகுது, ஆனா ஹை-பாயிண்ட், டாரஸ் எல்லாம் 200, 250க்கே கிடைக்குது, இத நம்பலாமா, இல்ல உயிர் விஷயத்துல காசு பாக்கக் கூடாதான்னு. டெக்ஸாஸ்ல ரொம்ப வருஷமா இருக்கேன், ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகுற இடத்துக்கு, புதுசா வர்ற நம்ம ஆளுங்களுக்குக் கூட நின்னு சொல்லிக் குடுக்குறவன்ங்கறதால இந்தக் கேள்வி எங்கிட்ட அடிக்கடி வரும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல பதில் சொல்லிடறேன். இன்னைக்கு 250-300 டாலர்ல வர்ற சில துப்பாக்கிகளை நம்பலாம், தாராளமா நம்பலாம், ஆனா கடையில இருந்து வாங்கிட்டு வந்த அன்னைக்கே நம்பக் கூடாது. இது 550 டாலர் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

எல்லாரும் என்ன கேக்குறாங்கன்னா "ஜாம் ஆகுமா? அவசரத்துக்கு சுடுமா?" அவ்வளவுதான். அது பாதிக் கேள்வி. விசையை அழுத்தினா சுடணும்ங்கறது எவ்வளவு முக்கியமோ அதைவிட ஒரு படி மேல முக்கியம், விசையை அழுத்தாதப்ப சுடவே கூடாதுங்கறது. கை தவறிக் கீழ விழுந்தாலும், இடுப்புல இருந்து நழுவினாலும், யாராவது தோட்டாவை எடுத்துக் காலி பண்ணும்போது தடுமாறினாலும் அது வாயைத் திறக்கக் கூடாது. நீங்க துப்பாக்கியை எடுத்து சுடற நிலைமை வாழ்க்கையில ஒரு தடவை கூட வராமப் போகலாம், வராம இருக்கணும்னுதான் வேண்டிக்கறேன், ஆனா அது உங்க வீட்லயும் கடையிலயும் வருஷம் முழுக்க சும்மா கிடக்கப் போகுது, பையன் இருக்குற வீட்ல. மலிவுத் துப்பாக்கிகளோட சரித்திரத்தைப் பாத்தா பெரிய பெரிய கேஸ் எல்லாம் சுடாம போனதுக்கு வந்ததில்ல, சுடக் கூடாத நேரத்துல சுட்டதுக்குத்தான் வந்திருக்கு. இன்னொரு வித்தியாசம், முதல் பாதியை நீங்களே ரேஞ்சுல சுட்டுப் பாத்து கண்டுபிடிச்சிடலாம். ரெண்டாவது பாதியை உங்களால சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது, அது டிசைன்லயும் கம்பெனியோட நடத்தையிலயும்தான் தெரியும்.

இதை யாராவது அரசாங்கத்துல பாத்துக்குவாங்கன்னு நினைச்சா அது இல்ல. அமெரிக்காவுல குழந்தை பொம்மை, டோஸ்டர், தொட்டில் வரைக்கும் பழுதுன்னா திரும்ப வாங்கிக்கோன்னு உத்தரவு போடற அதிகாரம் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கு, ஆனா 1972ல அதுக்கான சட்டம் போடும்போதே துப்பாக்கியை அதுல இருந்து விலக்கி வச்சுட்டாங்க. அதனால ஒரு பிஸ்டல் கீழ விழுந்தா வெடிக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சாலும் ரீகால் பண்ணுன்னு கம்பெனியை அந்த ஆணையத்தால கட்டாயப்படுத்த முடியாது, கம்பெனியா மனசு வச்சு கூப்பிடணும், இல்ல கோர்ட்டுக்குப் போகணும். சில மாகாணங்கள் மட்டும் தாங்களா சோதனை வச்சிருக்கு. கலிஃபோர்னியா 1999ல ஒரு சட்டம் கொண்டுவந்து, விக்கலாம்னு அனுமதிச்ச துப்பாக்கிகளோட பட்டியல் வச்சிருக்கு. ஒரே மாடல்ல மூணு துப்பாக்கி எடுத்து ஒவ்வொண்ணுலயும் 600 தோட்டா சுடணும், முதல் 20ல ஒரு பழுது கூட வரக் கூடாது, மொத்தத்துல 6க்கு மேல போகக் கூடாது, அப்புறம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துல இருந்து கான்கிரீட் மேல ஆறு விதமாப் போட்டுப் பாப்பாங்க. அந்தப் பட்டியல்ல வேற அரசியல், வேற நிபந்தனை எல்லாம் பின்னாடி சேந்துச்சு, அது தனிக் கதை, ஆனா இந்த ரெண்டு சோதனையும் நியாயமான சோதனை. டெக்ஸாஸ்ல அப்படி எதுவும் கிடையாது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில இருந்து எடுத்து வைக்கிறது எதுவானாலும் அதுக்கு உத்தரவாதம் அதைச் செஞ்சவன் மட்டும்தான்.

மலிவு பிஸ்டல்ங்கற பேரே கெட்டுப் போனது எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா இப்ப எதைப் பாத்து வாங்கணும்னு தானா புரியும். 1968ல துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தப்ப வெளிநாட்டுல இருந்து வர்ற சின்ன, மட்டமான கைத்துப்பாக்கிகளுக்கு இறக்குமதித் தடை வந்துச்சு. ஆனா உள்நாட்டுல செய்யறதுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. அந்த ஓட்டையில லாஸ் ஏஞ்சல்ஸை சுத்தி வரிசையா கம்பெனிகள் முளைச்சுது, ரேவன், ஜென்னிங்ஸ், பிரைக்கோ, டேவிஸ், லோர்சின்னு, அதுல பல கம்பெனி ஒரே குடும்பமும் அவங்களுக்கு வேண்டப்பட்டவங்களும் நடத்தினது. ரேவன் எம்பி-25ன்னு உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு பிஸ்டல் லட்சக்கணக்குல வித்துச்சு. ஸ்டீலுக்குப் பதிலா ஜமாக்னு சொல்ற துத்தநாகக் கலவையை உருக்கி அச்சுல ஊத்தி எடுப்பாங்க, கடைசல் வேலை கம்மி, அதனால விலையும் கம்மி. அந்த உலோகம் 400 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கூடத் தாங்காம உருகிடும்ங்கறதால இல்லினாய் மாதிரி சில மாகாணங்கள்ல 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ உருகுற கைத்துப்பாக்கியை விக்கக் கூடாதுன்னே சட்டம் போட்டாங்க.

பிரைக்கோ கேஸ்தான் எனக்கு இந்த விஷயத்துல எப்பவும் முதல்ல ஞாபகம் வரும். 1994ல கலிஃபோர்னியாவுல ஒரு வீட்ல, குண்டு போட்டு வச்சிருந்த பிரைக்கோ பிஸ்டலைக் காலி பண்ண ஒரு இளைஞர் முயற்சி பண்ணார், அது வெடிச்சு 7 வயசுப் பையன் தாடையில பட்டு கழுத்துக்குக் கீழ செயலிழந்து போயிட்டான். அந்த பிஸ்டல்ல ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகர்ற மேல் பாகத்தை, பின்னாடி இழுக்கணும்னா சேஃப்டியை, அதாவது சுடாம தடுக்குற பூட்டை, எடுத்தே ஆகணும், சேஃப்டி போட்டிருந்தா ஸ்லைடு அசையாது. யோசிச்சுப் பாருங்க, ஒரு மனுஷன் ஜாக்கிரதையா துப்பாக்கியைக் காலி பண்ண நினைக்குற அந்த நிமிஷத்துலதான் அது சுடத் தயாரா இருக்கும். முன்னாடி அப்படி இல்லாம இருந்த டிசைனை ஜாம் ஆகுற தொந்தரவை மறைக்கத்தான் மாத்துனாங்கன்னு பையன் தரப்புல வாதாடினாங்க. 2003ல ஜூரி சுமார் 5 கோடி டாலர் நஷ்ட ஈடுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதுல ஏறக்குறைய பாதி துப்பாக்கியைச் செஞ்சு, வித்தவங்க தலையில. உடனே கம்பெனி திவால். அப்புறம் நடந்ததுதான் மனசு ஆறாத விஷயம். 2004ல திவால் கோர்ட்ல கம்பெனி ஏலத்துக்கு வந்தப்ப, மிச்சமிருக்குற துப்பாக்கிகளை உருக்கிடலாம்னு அந்தப் பையன் தரப்புல பணம் திரட்டி ஏலம் கேட்டாங்க. 5,000 டாலர் வித்தியாசத்துல, 5,10,000 டாலர் குடுத்து கம்பெனியோட பழைய ஃபோர்மேன் எடுத்துட்டார். பேரை மாத்தி ஜிமெனெஸ் ஆர்ம்ஸ்னு கிட்டத்தட்ட அதே துப்பாக்கிகளைத் திரும்ப செய்ய ஆரம்பிச்சாங்க, அதுவும் 2020ல திவால் மனு போட்டுச்சு. பழைய துப்பாக்கிக் கண்காட்சிகள்லயும் அடகுக் கடைகள்லயும் இந்த வரிசையில வந்த பிஸ்டல்கள் இன்னும் 100 டாலருக்கும் அதுக்குக் கீழயும் கிடக்கும். தொடாதீங்க. ரேவன், ஜென்னிங்ஸ், பிரைக்கோ, லோர்சின், ஜிமெனெஸ், பேரு எதுவானாலும் சரி, இனாமா குடுத்தாலும் வேண்டாம்.

சரி, நீங்க கேட்ட டாரஸுக்கு வர்றேன். பிரேசில் கம்பெனி, 1939ல போர்ட்டோ அலெக்ரேல ஆரம்பிச்சது, இப்ப அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாணத்துலயும் ஃபேக்டரி இருக்கு. இவங்களுக்கும் ஒரு கறை உண்டு. 2013ல அயோவாவுல ஒரு டெபுடி ஷெரிஃப் ஆளைத் துரத்திக்கிட்டு ஓடும்போது இடுப்புல இருந்த டாரஸ் பிஸ்டல் கீழ விழுந்து தானா வெடிச்சுது. அவர் போட்ட கேஸ் எல்லா வாடிக்கையாளருக்குமான கேஸா மாறி 2015ல 3 கோடியே 90 லட்சம் டாலர் வரைக்குமான செட்டில்மென்ட் ஆச்சு, பிடி-111 மில்லினியம், 24/7 மாதிரி ஒன்பது மாடல், கிட்டத்தட்ட 10 லட்சம் பிஸ்டல். பிரேசில்லயே சாவ் பாலோ போலீஸ்காரங்களுக்கு 24/7 மாடலால தொந்தரவு, பின்னாடி அவங்க க்ளாக்குக்கு மாறிட்டாங்க. அதனால பழைய மில்லினியம், 24/7 எல்லாம் யாராவது 150க்கு குடுத்தா வாங்காதீங்க. அதுக்கப்புறம் வந்த ஜி2சி, ஜி3, ஜி3சி வரிசை வேற டிசைன், ஏகப்பட்ட பேர் வச்சிருக்காங்க, நான் ரேஞ்சுல பாத்த வரைக்கும் நல்லாவே ஓடுது. ஆனா ஜிஎக்ஸ்4ன்னு ஒரு புது மாடல்ல 2023ல திரும்பவும் கீழ விழுந்தா சுடலாம்னு சில துப்பாக்கிகளை அவங்களே திரும்பக் கூப்பிட்டாங்க. சீரியல் நம்பரைப் போட்டுப் பாத்துத்தான் வாங்கணும்.

இதை மட்டும் படிச்சா "அப்ப காசு குடுத்தாத்தான் பத்திரம்"னு தோணும். அப்படியும் இல்ல. சிக் சௌர் பி320, 600 டாலர் துப்பாக்கி, 2017 ஜனவரியில அமெரிக்க ராணுவம் தன்னோட புது கைத்துப்பாக்கியா தேர்ந்தெடுத்தது அதோட ராணுவ வடிவத்தைத்தான். அதே வருஷம் ஆகஸ்ட்ல, கடையில வித்த பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்துல பின்பக்கமா விழுந்தா சுடுதுன்னு வெளிய வந்துச்சு. காரணம் ட்ரிக்கரோட எடை. துப்பாக்கி தரையில மோதி நிக்கும்போது உள்ள இருக்குற ட்ரிக்கர் நிக்காம பின்னாடி நகர்ந்துடுது, யாரோ விரலால அழுத்துன மாதிரியே ஆயிடுது. இலவசமா ட்ரிக்கரை மாத்தித் தர்றோம்னு கம்பெனி சொல்லுச்சு, ஆனா தானா வெடிச்சுதுன்னு கேஸ் அப்புறமும் நிக்கல, 2024ல ஃபிலடெல்ஃபியா ஜூரி ஒருத்தருக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு. ரெமிங்டன் 700, தலைமுறை தலைமுறையா வேட்டைக்காரங்க மதிக்கிற ரைஃபிள், அதோட பழைய ட்ரிக்கர் தொடாமலே சுடுதுன்னு வந்த கேஸ்ல லட்சக்கணக்கான ரைஃபிளுக்கு ட்ரிக்கர் மாத்தித் தர ஒத்துக்க வேண்டி வந்துச்சு. இன்னொரு பக்கம் ரூகர், அவங்க மலிவா ஒரு சின்ன பிஸ்டல், எல்சிபின்னு, 2008ல கொண்டுவந்தாங்க, விழுந்தா சுடலாம்னு தெரிஞ்சதும் அதே வருஷமே திரும்ப வாங்கி சரி பண்ணிக் குடுத்தாங்க. எனக்கு நம்பிக்கை வர்றது இப்படிப்பட்ட கம்பெனி மேல. தப்பு எல்லா கம்பெனிலயும் வரும், கோர்ட்டு இழுக்குற வரைக்கும் உக்காந்திருக்கானா, தானா கூப்பிடுறானாங்கறதப் பாக்கணும்.

டிசைன்ல என்ன பாக்கணும்னு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். தோட்டாவோட பின்பக்கத்துல குத்துற ஊசி இருக்கே, ஃபயரிங் பின், அதை வழிமறிச்சு நிக்கிற ஒரு குட்டி உலோகக் கட்டை உள்ள இருக்கணும், ட்ரிக்கரை முழுசா இழுத்தா மட்டும்தான் அது விலகணும். க்ளாக்ல அது இருக்கு, கூடவே ட்ரிக்கர் நடுவுல ஒரு சின்ன நாக்கு இருக்கும், விரல் அதை அழுத்தாம ட்ரிக்கர் பின்னாடி போகாது, அதனாலதான் பி320க்கு வந்த பிரச்சனை அதுக்கு வரல. இப்ப விஷயம் என்னன்னா க்ளாக்கோட பழைய தலைமுறை டிசைனுக்கு பேட்டன்ட் காலாவதி ஆயிடுச்சு, யார் வேணும்னாலும் செய்யலாம். கம்ப்யூட்டர் ஓட்டுற சிஎன்சி மெஷினும் பிளாஸ்டிக் அச்சும் வந்தப்புறம் நல்ல டிசைனை மலிவா செய்ய முடியுது. 1980ல மலிவுன்னா உலோகத்துலயும் டிசைன்லயும் வெட்டுனாங்க. இன்னைக்கு வெட்டுறது பாலிஷ்ல, குறி பாக்குற பிளாஸ்டிக் சைட்ல, கரகரன்னு இருக்குற ட்ரிக்கர்ல, பெட்டிக்குள்ள வர்ற மேகசின், அதாவது தோட்டா அடுக்கிப் போடற டப்பா, எண்ணிக்கையில. இதெல்லாம் இல்லாம வாழ்ந்துடலாம்.

ஆக 300 டாலர் பக்கத்துல நான் தைரியமா சொல்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டி9, தெற்கு கரோலினாவுல இருக்குற பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரியோட டேகர், அது க்ளாக் மாதிரியேதான், க்ளாக் மேகசினையே போட்டுக்கலாம். கொஞ்சம் கூடப் போட முடிஞ்சா துருக்கியில சாம்சுன் ஊர்ல செய்யற கானிக், அந்த விலைக்கு அப்படி ஒரு ட்ரிக்கர் வேற எதுலயும் பாக்க முடியாது. டாரஸ் ஜி3சியும் இந்த வட்டத்துல சேத்துக்கலாம்.

ஹை-பாயிண்ட் தனியாப் பேச வேண்டிய துப்பாக்கி. ஒஹையோவுல மான்ஸ்ஃபீல்டுல செய்யறாங்க, சி9ன்னு 9 எம்எம் பிஸ்டல், 200 டாலருக்குக் கீழயே கிடைக்கும். இதுவும் ஜமாக் ஸ்லைடுதான், அதனால எல்லாரும் அந்தப் பழைய கூட்டத்தோட சேத்துத் திட்டுவாங்க, அது நியாயமில்ல. பெரும்பாலான 9 எம்எம் பிஸ்டல்ல சுடும்போது குழலும் ஸ்லைடும் கொஞ்ச தூரம் பூட்டிக்கிட்டு ஒண்ணாப் பின்னாடி போகும், அழுத்தம் குறைஞ்சதும்தான் பூட்டு திறக்கும். ஹை-பாயிண்ட்ல அந்தப் பூட்டே இல்ல, குழல் ஃபிரேமோட, அதாவது கைப்பிடி இருக்குற கீழ்ப் பாகத்தோட, ஒட்டி நிக்கும், ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்குது. அதுக்காகத்தான் ஸ்லைடு அவ்வளவு தடியா, அவ்வளவு அசிங்கமா இருக்கு, 800 கிராமுக்கு மேல எடை, 8 தோட்டாதான். பாகம் கம்மி, உடையறதுக்கும் கம்மி. வாரண்டி ஆயுசுக்கும், நீங்க எத்தனாவது ஓனர்னு கூட கேக்க மாட்டாங்க, அனுப்புனா சரி பண்ணித் திருப்பி அனுப்புறாங்க, இந்த விலையில அது பெரிய விஷயம். குறைன்னு பாத்தா மேகசின் வாய் உதடு சரியா வளையாம வர்றது, ஹாலோ பாயிண்ட்னு மூக்குல குழி இருக்குற தோட்டாவுல சிலதை அது ஏத்துக்கறதில்ல, சுத்தம் பண்ணப் பிரிக்கணும்னா ஒரு பின்னை சுத்தியல் வச்சுத் தட்டி எடுக்கணும். 200 டாலருக்கு மேல ஒரு பைசா இல்லங்கறவங்களை நான் ஹை-பாயிண்ட் வாங்காதேன்னு தடுக்க மாட்டேன், ஆனா சேம்பர்ல, அதாவது சுடத் தயாரா தோட்டா உக்கார்ற குழலோட பின் பகுதியில, தோட்டா ஏத்தாம காலியா வச்சுக்கச் சொல்லுவேன். இன்னும் 80, 100 சேத்து மேல சொன்னதுல ஒண்ணு வாங்க முடிஞ்சா அதுதான் என் வோட்டு.

இப்ப ரேஞ்சுக்கு வாங்க, நம்பிக்கை பொறக்குற இடம் அதுதான். போன கோடையில ஒருத்தர் புதுசா வாங்குன சின்ன பட்ஜெட் பிஸ்டலோட வந்தார், முகமெல்லாம் வாடிப் போய், "அண்ணா இது குப்பை, ஏமாந்துட்டேன்"னார். சுடச் சொல்லிப் பக்கத்துல நின்னு பாத்தேன். தோட்டாவோட மூக்கு மேல தூக்கிக்கிட்டு சேம்பர் வாய்ல இடிச்சு நிக்குது, ஸ்லைடு பாதியில நின்னுடுது. ரெண்டு மேகசினுக்கும் அடியில மார்க்கர் பேனாவால 1, 2ன்னு எழுதிட்டு மாத்தி மாத்தி சுடச் சொன்னேன். நின்னது அத்தனையும் 2ஆம் நம்பர்ல. பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தா 2ஆம் நம்பரோட ஒரு பக்க உதடு கண்ணுக்கே தெரியற அளவு விரிஞ்சிருக்கு. கம்பெனிக்கு ஃபோட்டோ அனுப்பினார், வேற மேகசின் வந்துச்சு, அதோட தொல்லை போச்சு. அப்புறம் அவர் மனைவி சுட்டாங்க, அவங்களுக்கு மட்டும் காலி கேஸ் வெளிய போகாம ஸ்லைடு நடுவுல செங்குத்தா மாட்டிக்கிச்சு. அது பிடி தளர்வா இருந்ததால. ஸ்லைடு பின்னாடி போகணும்னா ஃபிரேம் அசையாம நிக்கணும், மணிக்கட்டும் சேந்து பின்னாடி போனா ஸ்லைடு முழு தூரம் ஓடாது. சின்ன, லேசான பிஸ்டல்ல இது இன்னும் ஜாஸ்தி. வீட்ல யார் யார் எடுக்க வாய்ப்பிருக்கோ அத்தனை பேரும் சுட்டுப் பாக்கணும்னு நான் அழுத்திச் சொல்றது இதனாலதான்.

எத்தனை தோட்டா சுட்டா நம்பலாம்? நிறைய பேர் ஒரு பெட்டி, 50 தோட்டா, ஜாம் ஆகல, ஓகேன்னு போயிடறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சோதனையில ஒரு பழுது கூட வரலன்னா, மூணை சோதனை எண்ணிக்கையால வகுத்தா வர்றதுதான் பழுது விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்ங்கறதுக்கு 95 சதவீத நம்பிக்கையோட சொல்லக்கூடிய எல்லை. 50 தோட்டா சுத்தமா ஓடினா, நூத்துக்கு 6 பழுது இருந்தாலும் இருக்கலாம்னுதான் அர்த்தம். 300 சுத்தமா ஓடினா நூத்துக்கு ஒண்ணுக்கு மேல இருக்காதுன்னு சொல்லலாம். அதனால சாதாரண தோட்டா 300, அப்புறம் நீங்க கடைசியில போட்டு வைக்கப் போற அதே பிராண்டு ஹாலோ பாயிண்ட் ஒரு 50. ஹாலோ பாயிண்ட்டோட மூக்கு மொட்டையா இருக்குறதால உருண்டை மூக்குத் தோட்டா ஓடுற துப்பாக்கியிலயும் அது முட்டலாம், சுட்டுப் பாக்காமப் போட்டு வைக்கவே கூடாது. ஆரம்பத்துல முதல் 100ல ஒண்ணு ரெண்டு மக்கர் பண்ணினா மன்னிக்கலாம், புது ஸ்பிரிங், பாகங்கள் பழகணும், அதுக்கப்புறம் எண்ணிக்கையைத் திரும்ப சைபர்ல இருந்து ஆரம்பிங்க. மேகசினை மாத்தியும், தோட்டா பிராண்டை மாத்தியும் பழுது தொடர்ந்தா திருப்பி அனுப்புங்க, மனசைத் தேத்திக்கிட்டு வச்சுக்காதீங்க.

இதுக்கு 130, 150 டாலர் ஆகும். இங்கதான் மலிவுத் துப்பாக்கியோட உண்மையான லாபம். 550 டாலரையும் துப்பாக்கியிலயே போட்டுட்டு ஒரு பெட்டி தோட்டாவோட அலமாரியில பூட்டி வச்சவரைவிட, 300க்கு வாங்கி மீதியை சுட்டுப் பழகினதுல போட்டவர் எல்லா வகையிலயும் நல்ல நிலைமையில இருக்கார். அவருக்குத் தன் துப்பாக்கியும் தெரியும், தன் கையும் தெரியும், ஜாம் ஆனா மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுத்து விடவும் தெரியும். வாங்குறதுக்கே காசு சரியாப் போயிடும், தோட்டாவுக்கு மிச்சமில்லன்னா இப்போதைக்கு வாங்க வேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சு வாங்குங்க.

இன்னொரு வழி நம்ம ஆளுங்க யோசிக்கறதே இல்ல, போலீஸ் திருப்பிக் குடுத்த துப்பாக்கி. எஃப்பிஐ 40 காலிபர்ங்கற கொஞ்சம் பெரிய தோட்டா அளவை விட்டுட்டு 9 எம்எம்முக்குத் திரும்பினப்புறம் நாடு முழுக்க போலீஸ் டிபார்ட்மென்ட்கள் பழசைக் குடுத்து புதுசு வாங்கினாங்க, அதனால க்ளாக் 22, எம்அண்ட்பி 40 எல்லாம் 300 டாலர் பக்கத்துல கிடைக்கும், 9 எம்எம் கொஞ்சம் கூட. பெல்ட்ல உரசி உரசி வெளிய வெள்ளை தெரியும், உள்ள பாத்தா புதுசு மாதிரி இருக்கும், ஏன்னா போலீஸ்காரங்க சுமந்தது நிறைய, சுட்டது கொஞ்சம். ஸ்பிரிங்கை மட்டும் புதுசா மாத்திடுங்க, பெரிய செலவில்ல. இருட்டுல ஒளிர்ற சைட்டுன்னு சொல்லி விலை ஏத்தினா ஒத்துக்காதீங்க, அதுல இருக்குற டிரிடியம் 12 வருஷத்துல பாதியா மங்கிடும். 40 காலிபர் உதை கொஞ்சம் ஜாஸ்தி, தோட்டாவும் விலை ஜாஸ்தி, அதையும் கணக்குல வச்சுக்கங்க.

வீட்டுக்கு மட்டும்னா மாஸ்பெர்க் கம்பெனியோட மேவரிக் 88 பம்ப் ஷாட்கன், 250 டாலர் சுத்தி. ரொம்ப காலமா இருக்குற மாஸ்பெர்க் 500ஓட எளிய வடிவம். பம்ப்ல மலிவுக்கு பயப்பட வேண்டியது கம்மி, தோட்டாவை வெளிய தள்றதும் உள்ள ஏத்துறதும் உங்க கைதான், வாயுவும் ஸ்பிரிங்கும் சரியா வேலை செஞ்சாகணும்ங்கற கட்டாயம் இல்ல. பாதி இழுத்து நிறுத்தினா மாட்டிக்கும், அது பழக்கத்துல போயிடும். அதே விலையில தானா ஓடுற துருக்கி ஷாட்கன் நிறைய வருது, பாக்க அம்சமா இருக்கும், அதை இந்த வேலைக்கு வாங்காதீங்க. ஷாட்கன்ல சேஃப்டி பெரும்பாலும் ட்ரிக்கரை மட்டும்தான் தடுக்கும், அதனால சேம்பர் காலியா வச்சு, குழலுக்குக் கீழ தோட்டா அடுக்குற குழாய்ல மட்டும் தோட்டா வச்சுக்கணும். ஆனா கடையில கவுன்ட்டருக்குப் பின்னாடி ஷாட்கன் தோதுப்படாது, உங்களுக்கு பிஸ்டல்தான்.

இதைப் படிக்கிற ஹெச்1பி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம், ஹெச்1பி மாதிரி விசாவுல இருந்தா ஃபெடரல் சட்டப்படி பொதுவா வாங்கவோ வச்சிருக்கவோ கூடாது, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான். கிரீன் கார்டு வச்சிருக்குற ஃப்ரெண்ட் பேர்ல உங்களுக்காக வாங்குறது குற்றம், ரெண்டு பேரும் மாட்டுவீங்க. வாங்கும்போது கடையில நிரப்புற ஃபாரம் 4473ல பொய் எழுதினா கிரீன் கார்டு கனவே போயிடும்.

கடைசியா, 4 வயசுப் பையன்னு எழுதியிருக்கீங்களே. துப்பாக்கி எந்த விலையா இருந்தாலும், எவ்வளவு நல்ல டிசைனா இருந்தாலும் ஒரு குழந்தை விரல் ட்ரிக்கரை இழுத்தா அது சுடும், அதுக்குத்தான் அது செஞ்சிருக்கு. டெக்ஸாஸ்ல 17 வயசுக்குக் கீழ இருக்குறவங்க கைக்கு எட்டுற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டு வச்சு, அவங்க கையில அது சிக்கினாலே உங்க மேல கேஸ் வரும், அதை விடுங்க, பிரைக்கோ கேஸ்ல அந்தப் பையனுக்கு ஆனது என்னன்னு மேல சொன்னேன். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வரிசையில பட்டன்களை அழுத்தினாத்தான் திறக்குற பெட்டி, தரையிலயோ சுவர்லயோ போல்ட் போட்டது, ஒரு 60, 80 டாலருக்கு வரும். கடையில ஒண்ணு, வீட்ல ஒண்ணு. உயரமான அலமாரி பூட்டு ஆகாது, 4 வயசுப் பையன் நாற்காலி போட்டு ஏறுவான்.

உங்க நிலைமையில நான் இருந்தா இப்படித்தான் செலவு பண்ணுவேன்: எஸ்டி9 இல்ல டேகர், 300 டாலர், பெட்டி ரெண்டு, ஒரு 140, தோட்டா 140. மொத்தம் 580, க்ளாக் விலையை விட 30 டாலர்தான் கூட. ரேஞ்சுல 300 தோட்டா முடியற வரைக்கும் அதைக் கடைக்குக் கொண்டு போகாதீங்க. எந்த மாடல்னு முடிவு பண்ணினதும் சொல்லுங்க, அதுல ரீகால் ஏதாவது வந்திருக்கா, சீரியல் நம்பரை எங்க போட்டுப் பாக்கணும்னு சொல்றேன்.